கிளி போட்ட சம்படம்

என் சித்தப்பா சின்ன விமானம் ஒன்றில் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மங்களூருக்குப் புறப்பட்டபோது எனக்கு மூன்று வயது. மேற்கே மலைக்காட்டுக்கு மேல் போனவரைக் காணவில்லை. இரண்டு மாதம் தேடினார்கள்; மழை பிடித்துக்கொண்டதும் விட்டுவிட்டார்கள். சித்தி மல்லேஸ்வரத்தில் எங்களோடுதான் இருந்தாள். ஆள் போனதற்கு அடையாளம் எதுவும் கிடைக்காததால் கருமாதி நடக்கவில்லை. அவளுடைய பொட்டும் தாலியும் இருந்தபடியே இருந்தன. கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று சொந்தக்காரர்கள்தான் குழம்பினார்கள். பாதிப் பேர் அம்மாவுக்கு மட்டும் பத்திரிகை வைத்துவிட்டு நைசாக நழுவினார்கள்.

எனக்கு ஏழு வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விமான இலாகா அதிகாரி ஒருவர் வந்தார். கன்னடக்காரர், தமிழ் சுமாராக வரும். மூங்கில் வெட்டப் போனவர்களுக்குக் காட்டோடையில் கிடைத்ததென்று சொல்லி, நசுங்கிப் பச்சை பிடித்த பித்தளைச் சம்படம் ஒன்றைக் காகிதத்திலிருந்து பிரித்து மேசைமேல் வைத்தார்.

"இது அவருதுன்னு நீங்க சொன்னா அந்த மலையில திரும்பத் தேட ஆள் அனுப்புவாங்க. இல்லேன்னா ஃபைல மூடிடுவாங்க. நல்லா பாத்துச் சொல்லுங்கம்மா."

சித்தி அதைக் கையில் எடுத்தாள். பெயர் வெட்டியிருந்த இடம் அரித்துப் போய், அதன் கீழே புள்ளி புள்ளியாக ஒரு கிளி மட்டும் மிஞ்சியிருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்களுது இல்லீங்க" என்றாள்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போன அம்மா வரவேயில்லை. பெரியவர்களின் ஞாபகசக்தியைப் பற்றி எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. சித்தியின் அப்பா சீர்ப் பாத்திரம் வாங்கியபோது, பெயர் வெட்டுகிறவரிடம் சொல்லி எல்லாவற்றிலும் இதே கிளியைப் போட வைத்திருந்தார். வீட்டில் இருந்த பெரிய சம்படத்துக் கிளியைத் தடவிவிட்டுத்தான் நான் தினமும் பொட்டுக்கடலை திருடுவேன். சமையலறைக்கு ஓடினேன். கடலையைத் தரையில் கொட்டிவிட்டுச் சம்படத்தைத் தூக்கி வந்து அதிகாரி முன்னால் வைத்தேன்.

"இதோ பாருங்க மாமா, அதே கிளி."

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். பேனாவைத் திறக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மூன்றே வாரத்தில் விமானம் கிடைத்தது. வீட்டுக்கு ஒரு சிறிய மரப்பெட்டி வந்தது. அதில் சித்தப்பாவின் சாமான்கள் இருப்பதாகவும், அவர் பின்னால் ரயிலில் வருவார் என்றும் நான் நினைத்துக்கொண்டேன். சடங்கு நடந்த நாட்களில் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது சித்தி நெற்றியில் ஒன்றுமில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பாராட்டவும் இல்லை, அதுதான் எனக்குக் குறையாக இருந்தது. நேரே சித்தியிடமே கேட்டுவிட்டேன்.

"நான் சம்படத்தக் கொண்டாந்ததாலதான சித்தி, சித்தப்பா கெடச்சாரு?"

சித்தி என்னை மடியில் இழுத்துக்கொண்டாள். "ஆமா கண்ணு. உன்னாலதான்" என்றாள்.

அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.