தழும்பு பதிந்த துணி

வெள்ளைத் துணி ஒரு கெஜம். அதன்மேல் கருநீல மையில் வரிவரியாக ரப்பர் ஷீட்டின் கோடுகள், நடுவே குறுக்காக ஒரு சின்னத் தழும்பு. அதை அடுப்பில் திணித்தது என் கைதான். இன்று மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் துணிகளுக்கு அச்சடித்துப் பிழைக்கிறேன். யாரைப் பார்த்து இந்த ஆசை வந்தது என்று கேட்பவர்களிடம், டிராயிங் மிஸ் என்று சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஷீட் உருளை சுற்றும் வேலை எனக்கு. உறைந்த ரப்பர் பாலை அதற்குள் விட்டால் வரி விழுந்த ஷீட்டாக வெளியே வரும்; பிறகு கொட்டகையில் புகைபோட்டுக் காயவைப்போம். எங்கள் உருளையில் ஒரு பல் உடைந்திருந்ததால் எல்லா ஷீட்டிலும் ஒரே இடத்தில் தழும்பு விழும். என் அண்ணன் காய்ந்த ஷீட்டுகளில் ஒன்றிரண்டைச் சாக்கில் சுருட்டி திருட்டுத்தனமாக டவுன் கடையொன்றில் விற்றுக்கொண்டிருந்தான். தோட்டத்தில் அது எனக்கு மட்டும் தெரியும். பிடிபட்டால் வேலையும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

அந்த நேரத்தில்தான் மிஸ் வந்தார். டவுன் பள்ளியில் படம் வரையச் சொல்லிக்கொடுப்பவர், கழுத்தில் சின்னச் சிலுவை. துணியில் புதுப்புது டிசைன் போடுகிறவர் என்றார்கள். நான் நம்பவில்லை. எங்களைக் கண்டாலே எரிந்துவிழும் தோட்டத்துத் துரை இவருக்கு ஜீப் அனுப்புவானேன்? டிசைனுக்குப் பூ இல்லையா, இலை இல்லையா, ரப்பர் மெஷின்தான் கிடைத்ததா? அவர் உருளையில் மை தடவி, துணியை உள்ளே விட்டு, வெளியே வந்ததைத் தூக்கிப் பார்த்தார். விரல் நேராகத் தழும்புக்குப் போனது.

"இந்த வெட்டுதாம்மா இதுக்கு உயிரு. வேற எந்த எஸ்டேட் ஷீட்லயும் இது வராது, இல்ல?"

அண்ணனைப் பிடிக்கச் சாட்சி தயாரிக்கிறார் என்றே முடிவுகட்டினேன். துணியைக் காயப்போட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போனதும், அதைப் புகைக் கொட்டகை அடுப்பில் போட்டேன். திரும்பி வந்தவரிடம், "நெருப்புல வுழுந்து கருகிப் போச்சு மிஸ்" என்றேன்.

அடுப்பை எட்டிப் பார்த்தார். "பரவால்ல லா" என்று மை டப்பாவை மூடினார். பிறகு அவர் வரவேயில்லை. அண்ணனிடம் சொன்னேன். பயந்துபோய் அன்றோடு அந்தத் திருட்டு வேலையை விட்டான். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் அலோர் ஸ்டாரில் ஒரு துணிக் கண்காட்சி. கல்யாணமாகி டவுனுக்கு வந்துவிட்ட நான், மிஸ்ஸின் துணிகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டுப் போனேன். கோலா கெடா மீன்வலையின் முடிச்சுகள், தகரக் கூரையின் துரு, பலகைச் சுவரின் கீறல்கள். எல்லாவற்றிலும் எங்கோ ஒரு பிசகு இருந்தது. கண் அங்கேதான் போய் நின்றது. எங்கள் ஷீட்டின் வரிகள் மட்டும் எதிலுமில்லை. நானும் இப்படி ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசை வந்ததும் அங்கேதான், வெட்கத்தில் உடம்பு கூசியதும் அங்கேதான். அவரைத் தேடிப்போய் எரித்ததைச் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார். "அந்தத் தழும்ப நான் மொதல்ல பாத்ததே டவுன் கடையிலதான். அங்க ஒரு ஆளு ஷீட்ட எறக்கிக்கிட்டு இருந்தாரு. கடைக்காரர்கிட்ட எந்த எஸ்டேட்னு கேட்டுத்தான் தேடி வந்தேன். எங்க ஷீட்ட எங்க பாத்தீங்கன்னு தொரை கேட்டாரு. எஸ்டேட் லாரியில போறப்ப பாத்தேன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏன் மிஸ் வரல?"

"அன்னைக்குக் கொட்டகையில அதே ஆளு ஒனக்குச் சோறு கொண்டாந்து குடுத்தாரு. அண்ணேன்னு கூப்பிட்ட. நான் திரும்ப வந்தா நீ தூங்குவியா?"

இத்தனை வருடம் நான் காப்பாற்றியதாக நினைத்திருந்தவனை, தோட்டத்துக்குள் கால் வைக்கும்போதே அவர் காப்பாற்றியிருந்தார்.

"அண்ணன் நல்லாருக்காரா?" என்று கேட்டார்.