பட்டாணி அளவு போதும்

டப்பாவை நான் வாய்வரை நிரப்பித்தான் கொண்டுபோனேன். யாருக்கும் எதையும் அளவு குறைத்துக் கொடுத்துப் பழக்கமில்லாத வீடு எங்களுடையது. பரிசோதனைக்கூடத்துப் பெண் மூடியைத் திறந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, மலம் பட்டாணி அளவு போதும்க்கா."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமேமா," என்றேன். மானம் போனாலும் குரல் இறங்கக்கூடாது என்பது என் கொள்கை.

எனக்குப் பெருங்குடல் அழற்சி. இரண்டு வருடமாக மருந்தில் அடங்கியிருந்தது, அந்தப் பங்குனியில் மறுபடி தலைதூக்கியது. காலையிலேயே நாலைந்து முறை தறியை விட்டு எழுந்து ஓடினேன். நாங்கள் நெய்வது உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று இருக்கும் கோர்வைச் சேலை. வலப்பக்கக் கரைக்கு ஊடை நூலை ஓட்டும் நாடாவை விட இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். கல்யாணமானதிலிருந்து அந்த இடம் என்னுடையது. நான் எழுந்தால் என் கணவரின் கையும் நின்றுவிடும். நான் திரும்பி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார்.

"குடல் உள்ள வீங்கியிருந்தா கால்புரோடெக்டின்னு ஒரு புரதம் மலத்துல வரும். அது எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டா, தடவைக்குத் தடவை குழாய் விட்டுப் பார்க்க வேண்டியதில்ல," என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குழாய் விடுவதற்கு முன்னால் குடிக்கும் அந்தப் பேதி மருந்தை ஒருமுறை குடித்தவர்கள் இந்த டப்பாவைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

ஆனால் போன முறை ஐம்பதுக்குள் இருந்த எண், இந்த முறை அறுநூற்றைத் தாண்டிவிட்டது.

"குழாய் விட்டுப் பார்த்துடலாம். ஊசி மருந்துக்கு மாத்த வேண்டி வரலாம். ரத்தமும் கம்மியா இருக்கு, கொஞ்ச நாள் தறியில உக்காராதீங்க," என்றார் டாக்டரம்மா.

"பக்கத்து வூட்டம்மாவ கேட்டு வெச்சிருக்கிறேன். அவங்க வந்து உக்காந்துக்குவாங்க," என்றார் கூட வந்திருந்த என் கணவர். கேட்டு வைத்திருக்கிறாராம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த இடம் ஒருமுறை கைமாறினால் திரும்பி வருமா என்று பயந்தேன்.

விருட்டென்று எழுந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. கணவர் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கினார். "இந்தாம்மா, போட்டுக்க. பஸ்ல உக்காரணும் இல்ல."

டாக்டரம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேட்டேனே. இல்லன்னீங்களே?"

"இது இடுப்பு வலிக்குங்க. தறிக்காரங்க எல்லாரும் போட்டுக்கினு இருக்கிறதுதான். இதப் போயி மாத்திரைன்னு..." என்று இழுத்தார்.

பொய் சொல்ல வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. தை மாதம் கனமான ஒரு முகூர்த்தச் சேலையைத் தொடங்கியதிலிருந்து, ஓர் அட்டை வாங்கினால் பாதி அவருக்கு, பாதி எனக்கு. தறிக்கு எண்ணெய் போடுவதுபோல அதையும் போட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த வலி மாத்திரையே குடலைப் புண்ணாக்கும், அந்தப் புரதத்தின் அளவையும் ஏற்றும், அடங்கின நோயையும் எழுப்பிவிடும் என்றார் டாக்டரம்மா. "ஒரு மாசம் இதத் தொடாதீங்க. மறுபடி மலத்தப் பார்ப்போம். குழாயும் ஊசியும் அதுக்கப்புறம்."

அந்த ஒரு மாதம் என் இடுப்பில் வெந்நீர்ப் பை, என் இடத்தில் பக்கத்து வீட்டம்மா. அடுப்படியில் நின்றாலும் காது தறியில்தான். அவள் நாடா விடும் சத்தமே சரியில்லை என்று சொன்னதற்கு, "நல்லாத்தாம்மா போடறாங்க," என்றார் கணவர். அன்று அவருக்கு வெறும் ரசம்தான்.

அடுத்த முறை டப்பாவுக்குப் பக்கத்தில் நிஜப் பட்டாணி ஒன்றை வைத்து அளவு பார்த்துக் கொடுத்தேன். எண் எண்பது என்று வந்தது. குழாயும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், தறியில் உட்காரலாம் என்றார் டாக்டரம்மா. பக்கத்து வீட்டம்மாவுக்குக் கேசரி கிளறிக் கொடுத்து, மரியாதையாக வழியனுப்பி வைத்தேன்.

மறுநாள் காலை என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் போயிருக்காது, கணவரின் கை நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து முற்றத்தில் நடந்தார். சட்டைப் பை காலியாக இருந்தது.

"உங்க மாத்திரை எங்க?"

"நீ உன்னுத வுட்ட அன்னிக்கே என்னுதயும் வுட்டுட்டேம்மா. உனக்கு ஆவாதது எனக்கு எதுக்கு?"

நாடாவைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். நான் எழுந்து ஓடிய நாட்களில் ஒருமுறைகூட அவர் என்னைச் சீக்கிரம் வா என்று சொன்னதில்லை.

"மெதுவாவே வாங்க," என்றேன்.