பொந்துக்குள் பவுண்

சிவகௌரி அக்காவிடம் யாராவது "என்ன வேலை செய்யுறீங்க?" என்று கேட்டால் எனக்குக் குஷி பிறந்துவிடும். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கல்யாண மண்டபமோ பிறந்தநாள் விழாவோ, பட்டுச்சேலையும் பதக்கச் சங்கிலியுமாக நின்றபடி, குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், "முசல் பிடிக்கிறன்" என்பார். கேட்டவர் சிரிப்பார். அக்கா சிரிக்கமாட்டார். "உண்மையாத்தான். முசல், எலி, புல்லுக்குக் கீழ இருக்கிற புழு. நிலத்துக்குள்ள இருக்கிறதெல்லாம் என்ர டிப்பார்ட்மென்ட்." கேட்டவர் தன் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்.

மெல்பர்ன் ட்ருகனினாவில் அவர் எனக்குப் பக்கத்து வீடு. நான் தாரிணி, திருச்சிக்காரி, நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் மென்பொருள் சோதிக்கிறவள். அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவர். படித்து முடித்து, ஒரு வேர்ஹவுஸில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒருநாள் எலி பிடிக்க ஓர் ஆள் வந்து, தரையில் படுத்து டார்ச் அடித்து, எலி போன வழியைச் சுவரோரமாகக் காட்டியிருக்கிறார். அக்கா வேலையைப் போட்டுவிட்டு மாலைவரை அவர் பின்னாலேயே சுற்றினார். மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த மாதமே லைசென்ஸ் படிப்பில் சேர்ந்துவிட்டார்.

"உமக்கு விசரே?" என்று கேட்டாராம் கணவர் பிரஷாந்தன். லாரி ஓட்டுகிறவர். கேட்டதோடு சரி, ஃபெரெட்டுகளுக்கு கராஜில் கூண்டு கட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

ஃபெரெட் என்றால் கீரிப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு பிராணி. நீண்ட உடம்பு, குட்டைக் கால், எந்தப் பொந்தைக் கண்டாலும் உள்ளே நுழையத் துடிக்கும் மூக்கு. பொந்தின் வாய்களில் வலை போட்டுவிட்டு இதை உள்ளே விட்டால், முயல்கள் அலறியடித்துக்கொண்டு வலையில் வந்து விழும். இங்கிலாந்தில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் புல்வெளியைக் கிண்டும் அகழெலியோடு மல்லுக்கு நிற்பார்களாம். இங்கே அகழெலி தொல்லை கிடையாது, முயல்தான் வில்லன். அக்காவிடம் மூன்று ஃபெரெட்டுகள். அதில் மஞ்சள் நிறத்துக்காரி பவுண். அவளை அக்கா கூப்பிடும் குரலைக் கேட்டால் பிரஷாந்தன் அண்ணனுக்கே பொறாமை வரும்.

இந்த மார்ச் மாதம் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்கு முன்னால்தான் அந்தக் கூத்து நடந்தது. நாங்கள் போட்டி நடத்தும் மைதானத்தின் ஓரத்தில் நீளமாக ஒரு மண்மேடு. அதற்குள் முயல்கள் ஓர் ஊரே கட்டியிருந்தன. ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் ஓட்டப்பாதை, இரண்டு பக்கமும் பொந்து வாய்கள். பயிற்சியில் ஒரு பெண் கால் இடறி விழுந்து கணுக்கால் வீங்கியதும் கவுன்சில் கறாராகச் சொல்லிவிட்டது: மேட்டைக் கிளறி முயல் வளையை உடைத்து, நிலத்தைச் சமன் செய்தால் போட்டி, இல்லாவிட்டால் மைதானத்துக்குப் பூட்டு.

பள்ளித் தலைவர் சச்சிதானந்தன் அங்கிளுக்குத் தூக்கம் போயிற்று. போன வருடப் போட்டியை மழை கொண்டுபோயிருந்தது. இந்த வருடமும் இல்லையென்றால் பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பது என்று எல்லாரிடமும் புலம்பினார். வேலை அக்காவுக்கு வந்தது. சனிக்கிழமை காலை முயல்களை வெளியேற்றுவது, பத்து மணிக்கு மெஷின் வந்து மேட்டைக் கிளறுவது, ஞாயிறு போட்டி. இதுதான் திட்டம். மீதிக் குழிகளை நிரப்பப் பெற்றோர்கள் சிரமதானம் செய்வார்கள் என்றார் அங்கிள்.

இங்கேதான் அக்கா ஒரு கணக்குப் போட்டார். அவருக்கு ஆட்கள் பதினொரு மணிக்கு மேல் வந்தால் போதும். ஆனால் நம் ஆட்களைப் பற்றி அவருக்குத் தெரியாதா? பதினொன்று என்றால் ஒரு மணிக்கு வருவார்கள். ஆகவே ஒன்பதுக்கு வரச்சொல்லும்படி அங்கிளிடம் சொன்னார். அங்கிளுக்கும் நம் ஆட்களைப் பற்றித் தெரியும். ஆகவே அவர் பெற்றோர்களுக்கு ஏழரை என்று செய்தி அனுப்பினார்.

அன்று பிரஷாந்தன் அண்ணனுக்கு லாரி ஓட்டம். வலை பிடிக்க நான் போனேன். வேலிப் பக்கம் வலைகளை விரித்து முளையடித்தோம். ஓட்டப்பாதைப் பக்கத்து வாய்கள் சின்னவை, முயல் அந்தப் பக்கம் பாயாது என்று அக்கா அவற்றைத் திறந்தே விட்டிருந்தார். காற்றுக்கும் ஃபெரெட் திரும்பி வரவும் அது வசதி. பவுணின் கழுத்துப்பட்டையில் சின்ன டிரான்ஸ்மிட்டர். அதன் பெட்டி அக்கா கையில். மண்ணுக்கு மேலே பெட்டியைப் பிடித்தபடி நடந்தால், கீழே அவள் இருக்கும் இடத்தில் டிக் டிக் என்று சத்தம் பலக்கும்.

"இனி மூச்சும் விடக்கூடாது" என்றார் அக்கா. பவுண் உள்ளே போனாள்.

அந்த அமைதியை எப்படிச் சொல்ல! காலுக்குக் கீழே மண்ணுக்குள் தொம் தொம் என்று முயல்கள் பின்னங்காலால் அடிக்கிற சத்தம் என் பாதத்துக்கே கேட்டது. திடீரென்று பக்கத்து வலை துள்ளியது. அப்புறம் இன்னொன்று. நான் கத்திவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா பாய்ந்து போய் ஒவ்வொன்றையும் ஒரு நொடியில் வலியில்லாமல் முடித்தார். அதை மட்டும் நான் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த வலை எப்போது துள்ளும் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டதே, அதை மறைப்பானேன்? இத்தனை வருட உத்தியோகத்தில் எனக்கு ஒருநாளும் அப்படி அடித்ததில்லை.

பிறகு ஒன்றும் வரவில்லை. பவுணும் வரவில்லை. வலைகளிலேயே கண்ணாக இருந்த நாங்கள் அப்போதுதான் கவனித்தோம், மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன. இரண்டு பேரும் ஏறிப் பார்த்தோம்.

தமிழ்ப் பள்ளி வரலாற்றில் முதல்முறையாகப் பெற்றோர்கள் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தார்கள்! நாற்பது பேர், கையில் மண்வெட்டி. ஓட்டப்பாதைப் பக்கத்து வாய் ஒவ்வொன்றையும் கல் போட்டு, மண் போட்டு, மிதித்து, மேலே புல்லும் பதித்திருந்தார்கள். எங்கே ஓட்டை இருந்தது என்று அடையாளமே இல்லை. நடுவில் சச்சிதானந்தன் அங்கிள் பூரிப்போடு நின்றார்.

"பாத்தீரே பிள்ளை, எவ்வளவு வடிவா மூடிப்போட்டம்!"

"ஐயோ அங்கிள், பவுண் உள்ளுக்க நிக்கிறா!" அக்காவின் குரல் உடைந்தது. "ஒம்பதுக்குத்தானே வரச்சொன்னனான்!"

"அதுதான் நான் ஏழரை எண்டு சொன்னனான். ஆர் நினைச்சது, உவை நேரத்துக்கு வருவினம் எண்டு?"

அக்கா பெட்டியோடு ஓடினார். ஓட்டப்பாதை ஓரத்தில், பெரிய கருங்கல் ஒன்றுக்குப் பக்கத்தில் சத்தம் பலத்தது. பவுண் அங்கேதான் இருந்தாள், அங்குமிங்கும் அசைந்துகொண்டு. முன்னால் அடைத்த மண். வந்த வழியில் திரும்பலாமே என்றேன். பின்னால் ஏதோ சரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு நேரம் நிற்கமாட்டாள் என்றார் அக்கா. மூடிய அதே மண்வெட்டிகளால் தோண்டத் தொடங்கினோம். ஒருவர் இங்கேதான் மூடினேன் என்றார், இன்னொருவர் அங்கே என்றார். மிதித்து இறுக்கிய மண் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்குள் மெஷின் வந்துவிட்டது. ஓட்டுநர் ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனிதர். ஆனால் இரண்டு மணிக்கு அவருக்கு வேறு இடத்தில் வேலை. இப்போது தொடங்கினால்தான் முடியும். இல்லையென்றால் அடுத்த வாரம்தான் என்று கையை விரித்தார்.

அங்கிள் அக்காவைத் தனியே அழைத்தார். நானும் கூடவே போனேன், யார் அழைத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

"சிவகௌரி, கோபிக்காதையும். முந்நூறு பிள்ளையள் நாளைக்கு ஓட வருங்கள். அது ஒரு பிராணி. நான் புதுசா ஒண்டு வாங்கித் தாறன்."

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். "அங்கிள், அவவை இதுக்குள்ள விட்டது நான். நான் வெளியில எடுப்பன் எண்டு நம்பித்தான் அவ ஒவ்வொரு நாளும் உள்ளுக்க போறா. அவ வெளியில வராமல் மெஷின் இறங்காது. போட்டி நிண்டால் நான் மேடையேறி மன்னிப்புக் கேக்கிறன்."

சொல்லிவிட்டு அழுதார். சிவகௌரி அக்கா அழுது நான் பார்த்தது அன்றுதான். அங்கிளின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் பெட்டியை வாங்கி அவர் கையில் திணித்தேன்.

"நீங்களே கேளுங்க அங்கிள்."

அவர் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து பெட்டியை நீட்டினார். டிக் டிக் டிக். கையை நகர்த்தினார், குறைந்தது. திரும்பக் கொண்டுவந்தார், பலத்தது. அவள் நகர்ந்தாள், அவர் கையும் கூடவே நகர்ந்தது. அவருடைய முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"இஞ்ச நிக்குது! என்னட்டத்தான் வருது! டேய், எல்லாரும் இஞ்ச வாங்கோடா! கெதியா!"

அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும்! டாக்டர், நர்ஸ், வங்கி அதிகாரி எல்லாரும் முழங்காலில் நின்று வெறுங்கையால் மண்ணை அள்ளினார்கள். மெஷின் ஓட்டுநர் கடப்பாரை கொண்டுவந்து கல்லை நெம்பினார். கல் அரையடி அசைந்தது, அதற்குமேல் மறுத்துவிட்டது. அதன் அடியில் ஒரு சந்து தெரிந்தது, ஒரு கை நுழையும் அளவு. அக்கா கையை விட்டார், எட்டவில்லை. நான் விட்டேன், எட்டவில்லை. எங்கள் கூட்டத்தில் நெடுங்கை உள்ளவர் சச்சிதானந்தன் அங்கிள் ஒருவர்தான்.

அக்கா தன் யூட் வண்டியிலிருந்து ஒரு டின் மீனை எடுத்துவந்தார். அந்த எண்ணெய் வாசத்துக்குப் பவுண் எங்கிருந்தாலும் வருவாளாம். ஆனால் அங்கிள் பிறவிச் சைவம். பள்ளிக் கேன்டீனில் மீன் ரோல்ஸ் விற்கவிடாமல் வருடக்கணக்காகச் சண்டை போட்டவர். டின்னோடு அக்கா தயங்கி நின்றார்.

அங்கிள் சட்டைக் கையைச் சுருட்டிக் கொண்டார். முகத்தை மறுபக்கம் திருப்பி, மூச்சை அடக்கி, கையை நீட்டினார். "ஊத்தும்" என்றார்.

எண்ணெய் வடிய, குப்புறப் படுத்து, தோள்பட்டை வரை கையை உள்ளே விட்டார். கன்னம் மண்ணில் அழுந்தியது. அக்கா அவர் தலைமாட்டில் படுத்து, "பவுண், பவுண் குஞ்சு, வாங்கோ" என்று சந்துக்குள் கூப்பிட்டார். பெட்டி டிக் டிக்கென்று கத்தியது. சத்தம் இன்னும் பலத்தது.

"ஐயோ அம்மா!" என்று அலறினார் அங்கிள். "கடிக்குது! என்ர விரலைக் கடிக்குது!"

"கையை உதறாதேங்கோ! மெதுவா எடுங்கோ!"

"ஆர் உதறினது? நல்லாக் கடியடி அம்மா, விடாதை!"

அங்குலம் அங்குலமாக அவர் கை வெளியே வந்தது. முழங்கை, மணிக்கட்டு, கடைசியில் சுட்டுவிரலைப் பல்லால் கவ்வியபடி, மண் அப்பிய மூஞ்சியோடு பவுண்! நாற்பது பேரும் போட்ட கூச்சலில் வேலியோரக் காக்கைகள் கிளம்பிப் பறந்தன. நான் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு மெஷினை நோக்கி ஓடினார், இன்னும் நேரம் இருந்தது.

அங்கிளின் விரலிலிருந்து ரத்தம் முழங்கை வரை வழிந்தது. அக்கா பதறிப்போய் பவுணின் தாடையைப் பிரிக்கக் கை நீட்டினார். அங்கிள் அவளை நெஞ்சோடு அணைத்து, அக்காவின் கையைத் தடுத்தார்.

"பேசாம இரும். பிள்ளை பயந்துபோச்சுது. தானா விடட்டும்."