கேபிள் முனையில் சந்தனம்

ரத்தம் கொடுக்க முன்வருபவர்களின் பட்டியலைப் பராமரித்த ஒரு சிறு அமைப்பு மந்தைவெளியில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே கம்ப்யூட்டர் ஆள் நான்தான். மூன்று கம்ப்யூட்டர், ஒரு சர்வர், எல்லாவற்றையும் கோத்துச் செல்லும் ஒரே கறுப்பு கேபிள். ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து சர்வரின் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. வெயிலடித்தால் பேசும், மழை தூறினால் வாயை மூடிக்கொள்ளும். டேட்டாபேஸை இருமுறை அழித்து ஏற்றினேன். சர்வரை அணைத்து, பத்து எண்ணிவிட்டு மறுபடி போட்டேன். பதற்றத்தில் எனக்கு ஏழுக்குப் பிறகு நேரே பத்து வந்துவிடும்.

ஒரு மழை நாள். பிற்பகல் இரண்டரைக்கு ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் நனைந்தபடி வந்து நின்றார். அடையாற்று ஆஸ்பத்திரி ஒன்றில் மனைவிக்குப் பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை. கையிலிருந்த சீட்டில் ஓ நெகட்டிவ் என்று எழுதியிருந்தது.

"நாலு மணிக்குள்ள ஆள் வோணும்னு டாக்டரு சொல்லிட்டாரு சார்."

இணைப்பு இல்லை என்றது திரை. நான் மேசைக்கடியில் தவழ்ந்தேன்.

என் ரத்தமும் ஓ நெகட்டிவ்தான். சொல்வதற்கு ஒரு வார்த்தை போதும். ஆனால் ஊசியைப் பார்த்தாலே எனக்குக் கண் இருட்டும். பட்டியலைக் காத்த நானே ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை. இணைப்பு வந்துவிட்டால் வேறு யாராவது கிடைப்பார்கள். வாழ்க்கையில் அவ்வளவு சிரத்தையாக நான் எதையும் பழுது பார்த்ததில்லை.

பட்டியலைக் கவனித்த அம்மாள் டார்ச் பிடித்தார். கேபிளின் கடைசி முனையில் விரல் நுனி அளவுக்கு ஓர் உலோக மூடி உண்டு. அது சரியாகப் பொருந்தாவிட்டால் மொத்த வரிசையும் படுத்துவிடும். அதைக் கழற்றினேன்.

"இன்னா சார் இது, உள்ள மஞ்சளா?" என்றார் அம்மாள்.

"சந்தனம்."

"பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சது நீங்கதான?"

"ஆமா. இது மட்டும் விட்டுப்போச்சேன்னு கழட்டிப் பொட்டு வெச்சேன்."

"பொட்டு நெத்தில வெப்பாங்க சார். வாய்க்குள்ளயா வெப்பாங்க?"

ஓட்டுநர் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால்.

மழை ஈரத்தில் ஊறியிருந்ததை ஊக்கால் சுரண்டித் துடைத்து மாட்டியதும் பட்டியல் வந்தது. ஐந்து பெயர்கள். அம்மாள் வரிசையாக போன் போட்டார். இருவர் ஊரில் இல்லை; ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார்; நான்காவது வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவதை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். டேட்டாபேஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க நான் முதன்முதலில் ஏற்றிய பெயர் அது. சோதனைக்கு என் பெயரையே போட்டிருந்தேன்; ரத்த வகையையும் உண்மையாகவே.

"கெளம்புங்க சார்" என்றார்.

ஆட்டோவில் ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"கை ஏன் சார் இப்டி ஆடுது?"

"வண்டி ஆடுது நைனா."

"வண்டி சிக்னல்ல நின்னுக்கினு கீது சார்."

கையை இறுக்கி மடக்கச் சொன்னார் நர்ஸ். மடக்கினேன். நகக்கண்ணில் சந்தனம் இருந்தது.

அந்தப் பெண் பிழைத்தாள். மறுநாள் ஓட்டுநர் அலுவலகத்துக்கே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கரெக்டான டைமுக்கு வந்த சார்" என்றார். இரண்டரையிலிருந்தே நான் அவர் எதிரிலேதான் இருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.