முகத்துவாரத்துக்கு ஒதுக்கிய பணம்

தேசப்பன் போய்விட்டார் என்று எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸிலிருந்து போன் வந்தபோது மீஞ்சூர் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். மாரடைப்பாம். ரயில் வந்தது, போனது, நான் ஏறவில்லை.

கணக்குப் பிரிவில் அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும், அவரிடம் ஒரு பில் பாஸ் ஆவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர். டிபன் பாக்ஸைத் திறந்தால் மாடி முழுக்க மீன் வாசம். "மூக்கப் புடிச்சா இன்னா மேடம், வாயத் தொறங்க" என்று பாதியை என் பக்கம் தள்ளுவார்.

கம்பெனிக்கு லாபம் கொட்டிய வருடம், அவர் குப்பத்துப் படகுகள் கடலுக்குப் போகும் ஏரி முகத்துவாரத்தைத் தூர்வார ஒரு பெரிய தொகையை ஒதுக்கினார்கள். சுற்றுச்சூழலுக்கு ஒரு கம்பெனி என்ன செய்கிறது என்று பார்த்து வெளியார் மதிப்பெண் போடுவார்கள். அவர்களுக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. அந்த ஒதுக்கீட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். மதிப்பெண் ஏறியது. தேசப்பன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "பணம் வெச்சாச்சு, மண்ணு எடுக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

யாரும் மண் எடுக்கவில்லை. மறு வருடம் லாபம் சரிந்தது. ஒதுக்கிய தொகை இனித் தேவையில்லை என்று காட்டி, அதை லாபத்தில் சேர்க்கச் சொன்னார்கள். தேசப்பன் அந்தப் பதிவைப் போட மறுத்தார்.

"போன வருசம் பட்ட மீன ஒளிச்சி வெச்சி, இந்த வருசம் பட்டதுனு காட்டுவீங்களா சார்? நாறிடும்" என்று மேலாளரிடமே கேட்டார். வேறொருவர் பதிவைப் போட்டார். இவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள்.

போகும் முன் என் மேசைக்கு வந்தார். "பணத்தத் திருப்பி எடுத்துக்கினோம்னு அறிக்கைல ஒரு வரி எழுதிடுங்க மேடம். ஊருல நான் இன்னா பதில் சொல்றது?"

வேலைக்குப் பயந்து நான் எழுதவில்லை. மதிப்பெண்ணும் இறங்கவில்லை. அவரோ ஊர்க் கூட்டத்தில் முன்பு நின்ற அதே இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டாராம். என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. மீன் குழம்பும் நிற்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடக்கத்தன்று குப்பத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "ஏமாத்தினவங்க ஒருத்தரும் வரல. அவன்தான் வந்து தல குனிஞ்சி நின்னான்." நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

இந்த வருட அறிக்கையை நேற்று எழுத உட்கார்ந்தேன். முகத்துவாரத்துக்கு ஒதுக்கிய தொகை செலவாகவில்லை, லாபத்தில் சேர்க்கப்பட்டது என்பதை முதல் வரியாக வைத்தேன். மேலிடத்தில் அந்த வரியை அடித்துவிடுவார்கள், அடித்தால் மறுபடி எழுதுவேன். இத்தனை வருடத்தில் தேசப்பன் என்னிடம் கேட்டது அந்த ஒரு வரிதான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அதுதான்.