மச்சான் சொன்ன ஹைட்ரஜன்

ஜாலான் புசாரில் எங்கள் பிரியாணிக் கடையின் பின்கதவைத் திறந்தால் சந்து. அந்தக் கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அலுவலகங்களுக்குப் போகும் மதியச் சாப்பாட்டைப் பெட்டி பெட்டியாகக் கட்டுவது என் வேலை. எனக்கு இரண்டடி தள்ளி எங்கள் டீசல் வேனின் புகைக்குழாய். என் கணவர் எஞ்சினை நிறுத்தவே மாட்டார். கிழட்டு வண்டி, நிறுத்தினால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்குமாம். நிற்கிற வண்டியின் எஞ்சின் ஓடக்கூடாது என்று சட்டம் இருப்பது அவருக்கும் தெரியும். சந்துக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

எனக்கு மூச்சிரைப்பு வந்து மூன்று வருடமாகிறது. முதலில் மாடிப்படியில் வந்தது. பிறகு தொழுகையில் குனிந்து நிமிரும்போது வந்தது. இப்போது பேசிக்கொண்டிருக்கும்போதே வருகிறது. நான் பேச்சைக் குறைத்தால் வீட்டில் சிலருக்கு நிம்மதிதான், அது வேறு விஷயம்.

இந்த ஊரில் வண்டி வைத்துக்கொள்ள வாங்கும் சி.ஓ.இ. உரிமம் பத்து வருடத்துக்குத்தான். அது முடிந்தால் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி பணம் கட்டி நீட்டிக்க வேண்டும். எங்கள் வேனுக்கு அந்த நாள் நெருங்கியபோது, ஒழிந்தது சனியன் என்று நான் சந்தோஷப்பட்டேன். நானே போய் ஒரு மின்சார வேனைப் பார்த்துவிட்டு வந்தேன். அது கிளம்பியதே எனக்குத் தெரியவில்லை. பின்பக்கம் போய் நின்று நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். விற்பனைக்கு நின்ற பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும். ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் எந்த மாடியில் சார்ஜ் போடலாம் என்பதுவரை விசாரித்து வைத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து காக்கா வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். இன்ஜினியர், உட்லண்ட்ஸில் வீடு. வெள்ளிக்கிழமை விருந்து என்றால் எங்கள் வீட்டில் சஹன்தான். ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பெண்கள் பரிமாறிவிட்டுப் பிறகு சாப்பிடுவோம். ஒரே தட்டில் கை வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை. அதிலும் மனைவியின் அண்ணன் பேசும்போது மாப்பிள்ளை வாயைத் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

"கரண்ட் வண்டியெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் லா மச்சான்" என்று காக்கா ஆரம்பித்தார். "சார்ஜ் போட்டுட்டு மணிக்கணக்கா காத்துக் கெடக்கணும். பேட்டரி போச்சுன்னா வண்டியே போச்சு. ஹைட்ரஜன் பாருங்க. அஞ்சு நிமிஷத்துல ரொப்பிட்டுப் போய்ட்டே இருக்கலாம். பின்னாடி வர்றது வெறும் தண்ணி. கொஞ்சம் வெயிட் பண்ணலாம்."

"நீங்க சொன்னா சரிதான் மச்சான்" என்றார் என் கணவர்.

கறிச் சட்டியோடு நின்ற நான் சும்மா இருக்கவில்லை. "அத இந்த ஊர்ல எங்க போய் ரொப்புறது காக்கா?"

"வரும் லா. நீ சொல்ற கரண்ட் மட்டும் எங்கேர்ந்து வருது? கேஸை எரிச்சுத்தானே?"

"கேஸ் துவாஸ்ல எரியுது. என் மூக்குக்குள்ள எரியல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மின் நிலையங்கள் இருக்கும் துவாஸ் பக்கம் வேலை பார்ப்பவர்கள் என்னை மன்னிக்கட்டும், எனக்கு அன்றைக்கு அதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை. காக்கா இன்னும் ஒரு கரண்டி கறி கேட்டார். வைத்தேன். தலையில் கொட்டியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் என் கணவர் டீசல் வேனுக்கே இன்னும் ஐந்து வருடம் நீட்டித்துவிட்டு வந்தார். ஹைட்ரஜன் வரும்வரை காத்திருக்கிறாராம். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. "மச்சான் அவ்வளவு சொல்றாங்க, நா எப்படி மறுத்துப் பேசறது?" என்றார். தினமும் அந்தப் புகையைக் குடிப்பவளை மறுத்துப் பேசுவதில் மட்டும் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. எது அதிகச் சுத்தம் என்று ஆண்கள் இரண்டு பேர் அலசி ஆராய்ந்து, கடைசியில் அழுக்கையே நீட்டித்து வைத்தார்கள். இதற்குப் படிப்பு வேறு.

பெருநாள் அன்று காக்கா குடும்பத்தோடு வந்தார். கார் புதிது. சத்தமே இல்லாமல் வந்து நின்றது. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"ஹைட்ரஜன் என்னாச்சு காக்கா?"

"அதெல்லாம் பெரிய லாரி, கப்பலுக்கு வேணா சரியா வரும் லா. நா அன்னைக்குச் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். மச்சான் ஒடனே சரின்னுட்டாரு. அவருக்கு வேன மாத்த இஷ்டமில்லன்னு நெனச்சேன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்ற அவருக்கு முழு இஷ்டம் இருந்ததாம், மச்சான் சொல்லுக்காக விட்டுக்கொடுத்தாராம். ஒருவர் பேச்சுக்குச் சொன்னார், இன்னொருவர் மரியாதைக்குத் தலையாட்டினார். இவர்களுடைய மரியாதைக்கு என் நுரையீரலா கிடைத்தது? பெருநாளும் அதுவுமாக அழக்கூடாது என்று அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். ஆத்திரம் தீரவில்லை. இதை எழுதும்போதும் தீரவில்லை.

பெருநாள் முடிந்து இரண்டாவது வாரம், பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது மூச்சு அடைத்து ஸ்டூலிலிருந்து சரிந்துவிட்டேன். என் கணவர் பாலிகிளினிக்குக் கூட்டிப்போனார், அதே வேனில்தான். டாக்டர் சின்ன வயதுச் சீனப் பெண். மூச்சை அளக்கும் குழாய் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டில் யாராவது புகை பிடிப்பார்களா என்று கேட்டாள்.

"நோ, நோ, டாக்டர். யாரும் இல்ல" என்றார் என் கணவர். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

நான் வேனைப் பற்றிச் சொன்னேன். தினமும் எத்தனை மணி நேரம், எவ்வளவு பக்கத்தில், எல்லாவற்றையும் விட்டு விட்டு மூச்சு வாங்கிச் சொல்லி முடித்தேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினாள். அந்த வண்டியை மாற்ற முடியாதா என்று நேராகவே கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னிடம் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "மச்சான ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?"

டாக்டர் குழாயைக் காட்டி, பலம் கொண்டமட்டும் ஊதச் சொன்னாள். எனக்குள் இருந்த கோபம் முழுவதையும் சேர்த்து ஊதினேன். முள் பாதிகூட ஏறவில்லை.