எக்கோ அக்காவும் எட்டு மில்லிமீட்டரும்

“இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. மூச்சை விடுங்க. அப்படியே இருங்க.” வெந்நீர்க் குவளையில் நிற்கும் ஜெல் பாட்டிலை எடுத்துத் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறார். சூடு பதமாக இருந்தால்தான் படுத்திருப்பவரின் நெஞ்சில் தடவுவார். ஒரு நாளைக்கு இருபத்தைந்து நெஞ்சு. குளிர்ந்தது என்று இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

இதயத்தை ஒலி அலையால் படம் பிடித்துப் பார்க்கும் எக்கோ பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் ‘எக்கோ அக்கா’. வயது நாற்பத்தாறு. இரண்டு விஷயத்தில் மசிய மாட்டார். திரையை நோயாளி பக்கம் திருப்ப மாட்டார். “பார்த்தா பயப்படுவாங்க. பயந்தா துடிப்பு எகிறும். அப்புறம் நான் எதை அளக்குறது?” எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரே பதில்: “டாக்டர் சொல்வார்.” போன மாதம் அதே கட்டிலில் படுத்துக்கொண்டு கெஞ்சினேன், குழைந்தேன், கடைசியில் பத்திரிகைக்காரன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். “பத்திரிகைக்கும் டாக்டர்தான் சொல்வார்.” அன்றே இவரைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. இதயம் எப்படிச் சுருங்குகிறது, வால்வுகள் எப்படி மூடுகின்றன என்று எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. இவரோ இதயத்தின் மேல் படிந்திருக்கும் கொழுப்பையும் அளப்பார். இதயம் முழுக்கச் சுருங்கும் நொடியில் படத்தை நிறுத்தி, மூன்று துடிப்புக்கு மூன்று முறை அளந்து, சராசரியை அறிக்கையின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பார். ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் பென்சில் கொஞ்சம் அழுந்தும். யாரும் கேட்காத கணக்கு. முதலில் சிரித்த பெரிய டாக்டர், இப்போது அந்த ஓரத்தைத்தான் முதலில் பார்க்கிறாராம்.

கிறுக்குக்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், திரையில் பட்டையாகத் தெரிந்த அந்தக் கொழுப்பைப் பார்த்து, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று எழுதிவிட்டார். நன்றாக நடந்து வந்த மனிதரை அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஊசி குத்தி நீரை எடுக்க எல்லாம் தயார். கடைசி நிமிஷத்தில் பெரிய டாக்டர் மறுபடி பார்த்தார். நீரும் இல்லை, ஒன்றும் இல்லை, கொழுப்பு. “மானம் போச்சு சார். ரெண்டு நாள் சோறு இறங்கல. தண்ணி கறுப்பா சும்மா நிக்கும். கொழுப்பு கொஞ்சம் வெளுப்பா, இதயத்தோட சேர்ந்து ஆடும். இப்பல்லாம் பார்த்த உடனே சொல்லிடுவேன்.”

ஆனாலும் கொழுப்பை அவர் திட்டுவதில்லை. “அது பாவம் சார். அளவா இருந்தா மெத்தை மாதிரி. இதயத்துக்குத் தீனியும் போடுது. தடிச்சாத்தான் வம்பு. அதுக்கும் இதயத்துக்கும் நடுவுல சுவரே கிடையாது. அது கசிய விடறதெல்லாம் பக்கத்துல இருக்கற ரத்தக்குழாயைத்தான் கெடுக்கும். நடந்தா குறையும். யார் நடக்கறாங்க?” குண்டான ஆளுக்கு மூன்று இருப்பதையும் ஒல்லியான ஆளுக்கு ஏழு இருப்பதையும் பார்த்துப் பார்த்து, ஆளின் உடம்பை வைத்து எதையும் சொல்வதை விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் அவர் குரல் இறங்கிவிடும். அவருடைய அண்ணன் ஒல்லி. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். நாள் முழுக்க நாற்காலி, தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டர். “கல்யாண பேன்ட் இன்னும் இடுப்புல நிக்குது பாப்பா. ஈர்க்குச்சிக்கு எதுக்கு எக்கோ?” என்பாராம். அப்பாவும் ஈர்க்குச்சிதான். ஐம்பத்திரண்டு வயதில், காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அண்ணனுக்கு இப்போது ஐம்பத்தொன்று. “ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் அளக்குறேன். சொந்த அண்ணன் படுக்க மாட்டேங்குறார். மூணு வருஷமா கூப்பிடறேன் சார்.” சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கும் என்னவோ போலிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை, நான் அங்கே இருக்கும்போதே, அந்த அண்ணன் தானாக வந்து நின்றார். வெளியே பெஞ்சில் என்னிடம் மட்டும் சொன்னார்: “காலைல பொத்தான் போடும்போது அப்பா ஞாபகம் வந்துடுச்சு. கை அப்படியே நின்னுபோச்சு.” அறைக்குள் போனதும் ஆள் மாறிவிட்டார். ஸ்கூட்டர் சாவியை நாற்காலியில் வீசினார், செருப்பைக் கட்டிலடியில் உதறினார், படுத்துக்கொண்டார். “கொழுப்பு எனக்கு வாயிலதான் பாப்பா. அங்க வச்சு அளந்துக்கோ.”

தங்கை சிரிக்கவில்லை. குவளை வெந்நீர் ஆறிப்போயிருந்ததைக் கவனிக்கவும் இல்லை, மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்க்கவும் இல்லை. “ஐயோ, குளிருது!” என்று அண்ணன் நெளிந்தார்.

இதயம் நன்றாகவே சுருங்கி விரிந்தது. பிறகு அந்தப் பட்டைக்கு வந்தார். மூன்று துடிப்பு அளந்தார். மறுபடி மூன்று. மறுபடியும் மூன்று. மூலையில் உட்கார்ந்திருந்த எனக்குத் திரை தெரிந்தது. எட்டு. ஒவ்வொரு முறையும் எட்டு.

“என்ன பாப்பா, பேச்சையே காணோம்?”

எக்கோ அக்கா திரையின் விளிம்பைப் பிடித்து அண்ணன் பக்கம் திருப்பினார். வெளுத்த பட்டையின் மேல் விரலை வைத்தார். அது இதயத்தோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் வெகுநேரம் பார்த்தார்.

“அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?”

தங்கை அவர் நெஞ்சிலிருந்த ஜெல்லைத் துடைத்தார்.

“இது குறையுமா பாப்பா?”

‘டாக்டர் சொல்வார்’ வரும் என்று நான் காத்திருந்தேன். அவர் எழுந்தார். நாற்காலியில் கிடந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து, கட்டிலடியில் மூலைக்கொன்றாகக் கிடந்த அண்ணனின் செருப்புகளை எடுத்து, ஜோடி சேர்த்து, வாசலைப் பார்க்க வைத்தார்.